எழுதப்படாத சாசனத்துக்குக் காவல் யார்?

(வடமாலபேட்டையில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வடமாலபேட்டையில் பிறந்து, அவ்வூரிலேயே உழுது வாழ்ந்து முதுமை எய்திய ஓர் உழவரை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்தபோது இவ்வூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 முதல் ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. 2014 ஜூன் 2 அன்று அம்மாநிலம் இரண்டாகப் பிரிந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. அவருடைய வீட்டு வாசல் ஓர் அடியும் நகரவில்லை, அரசுகளே நகர்ந்தன.

இந்த மாற்றங்கள் யாவும் அச்சிட்ட சட்டங்களாலும் அறிவிக்கைகளாலும் நிகழ்ந்தவை. ஆனால் அவ்வுழவரின் வாக்குக்கும், அவருடைய மண்டலத்துக்குத் தரப்பட்ட வாக்குறுதிக்கும் என்ன மதிப்பு என்னும் கேள்வி எழுந்த தருணங்கள் மூன்று உண்டு: 1952, 1984, 2014. அம்மூன்றிலும் விடையைத் தீர்மானித்தவை சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத விதிகளே. உலகிலேயே மிக நீண்டதென்று பெயர் பெற்ற எழுத்துச் சாசனத்தைக் கொண்ட நாட்டில் இவ்வாறு நிகழ்ந்தது எவ்வாறு? இதை விளங்கிக்கொள்ள, தொகுக்கப்படாத சாசனம் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

மதகடியில் ஒரு பாடம்

எழுதப்படாத விதி உழைக்கும் மக்களுக்குப் புதிய செய்தி அன்று. ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் எந்த மதகு எப்போது திறக்கப்படும், பற்றாக்குறை ஆண்டில் கடைமடைக்கு எத்தனை நேரம் தண்ணீர் விட வேண்டும் என்பதை ஊரார் அனைவரும் அறிவர். அது பெரும்பாலும் எந்தத் தாளிலும் இராது. அதற்கு 'முறை' என்று பெயர். நல்ல மழை பெய்த ஆண்டில் எவரும் முறையை மீறுவதில்லை. மீற வேண்டிய தேவையும் எழுவதில்லை. ஏரி வற்றும் ஆண்டில்தான் சோதனை வருகிறது. பெருநிலக்கிழார் ஒருவர் இரவோடு இரவாகத் தண்ணீரைத் தம் வாய்க்காலுக்குத் திருப்பிக்கொண்டால் முறையைக் காப்பது எது? காட்டுவதற்கு எழுத்துச் சான்று இல்லை. விடியுமுன் மதகடியில் எத்தனை பேர் திரண்டு நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது நிற்கும் அல்லது வீழும்.

தமிழில் 'வழக்கு' என்னும் ஒரே சொல் இரு பொருள் தருகிறது. உலக வழக்கு என்று இலக்கணம் கூறும்போது அது மக்களின் நடைமுறையைக் குறிக்கிறது. நீதிமன்றத்தில் தொடுக்கப்படும்போது அதே சொல் பிணக்கைக் குறிக்கிறது. எழுதப்படாத சாசனம் இவ்விரு பொருளுக்கும் நடுவில் வாழ்கிறது. எல்லோரும் ஒப்பும்வரை அது நடைமுறை. வலியவர் ஒருவர் மீறிய கணத்தில் அது பிணக்கு.

பிரிட்டனின் சாசனம் எங்கே இருக்கிறது?

பிரிட்டனுக்கு அரசியல் சாசனமே இல்லை என்று கூறுவது பிழை. ஒரே நூலாகத் தொகுக்கப்பட்ட சாசனம் இல்லை என்பதே சரி. அதன் பகுதிகள் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

முதலாவது, நாடாளுமன்றச் சட்டங்கள். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், 1701ஆம் ஆண்டின் அரியணை வாரிசுச் சட்டம், 1911, 1949ஆம் ஆண்டுகளின் நாடாளுமன்றச் சட்டங்கள், 1998ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம் ஆகியவை இவ்வகை. இவை எழுத்தில் இருப்பவையே. ஆயினும் இவற்றுக்குத் தனிப்பாதுகாப்பு இல்லை. சாதாரணப் பெரும்பான்மையால் எதையும் மாற்றலாம். நாடாளுமன்றத்துக்கு நிலையான ஐந்தாண்டுப் பதவிக்காலம் வகுத்து 2011இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2022இல் அது நீக்கப்பட்டது.

இரண்டாவது, நீதிமன்றத் தீர்ப்புகள். எண்டிக் என்பவரின் வீட்டுக்குள் அமைச்சரின் ஆணையோடு அரசின் ஆட்கள் புகுந்து தாள்களை அள்ளிச் சென்றபோது, சட்டம் இடம் தராத எதையும் அரசு செய்ய இயலாது என்று 1765இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாவது, மன்னருக்குரிய தனியதிகாரங்கள். போர் தொடுத்தல், உடன்படிக்கை செய்தல், அமைச்சர்களை நியமித்தல் போன்ற இவை இன்று மன்னர் பெயரால் அமைச்சர்களால் செலுத்தப்படுகின்றன. நான்காவது, மரபுநெறிகள். பிரிட்டனின் சாசனத்துக்கு உயிர்நாடி இந்த நான்காவதுதான்.

ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுக்க மன்னருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. ஆயினும் 1708இல் ஆன் அரசி ஸ்காட்லாந்துப் படை மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்ததே கடைசி. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த அதிகாரம் உறையில் கிடக்கிறது. அதேபோல் எவரைப் பிரதமராக நியமிப்பது என்பது மன்னரின் உரிமை. காமன்ஸ் சபையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவரையே நியமிக்க வேண்டும் என்பது மரபு. சட்டத்துக்கும் மரபுநெறிக்கும் இடையே 1885இல் கோடு கிழித்துக் காட்டியவர் சட்ட அறிஞர் டைசி. சட்டத்தை நீதிமன்றம் அமல்படுத்தும். மரபுநெறியை நீதிமன்றம் அமல்படுத்தாது என்பதே அக்கோடு. அப்படியானால் அதை அமல்படுத்துவது யார்?

கனவான்களின் நாகரிகம் அன்று

ஆங்கில ஆளும் வர்க்கத்தினர் இதற்குத் தரும் விடை எளிது. தம் நாட்டுக் கனவான்கள் ஆட்ட விதியை மீறாதவர்கள் என்பார்கள். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

பண மசோதாவில் பிரபுக்கள் சபை கைவைப்பதில்லை என்பது நெடுநாள் மரபு. 1909இல் லாய்ட் ஜார்ஜ் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டம் நிலவுடைமையாளர் மீது வரி விதிக்க முனைந்தது. உடனே பிரபுக்கள் சபை மரபைத் தூக்கியெறிந்து அத்திட்டத்தை நிராகரித்தது. கனவான்களின் நாகரிகம் அவர்களுடைய நிலத்தின் வரப்போடு முடிந்துபோயிற்று. 1910 என்ற ஒரே ஆண்டில் இரு பொதுத்தேர்தல்கள் நடந்தன. தேவைப்பட்டால் புதிய பிரபுக்களை நூற்றுக்கணக்கில் நியமித்து அச்சபையை நிரப்பவும் அரசு ஆயத்தமாயிற்று. அதன் பின்னரே, 1911 ஆகஸ்டில், தன் மறுப்பதிகாரத்தை வெட்டும் சட்டத்தைப் பிரபுக்கள் சபை 131க்கு 114 என்ற கணக்கில் ஏற்றது. எழுதப்படாத விதி, மீறப்பட்ட பிறகு எழுதப்பட்ட விதி ஆயிற்று.

வாக்குரிமையின் வரலாறும் இதுவே. 1838இல் சாசன இயக்கத்துத் தொழிலாளர்கள் ஆறு கோரிக்கைகளை எழுத்தில் வைத்தனர்: வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு, இரகசிய வாக்குச்சீட்டு, உறுப்பினராகச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினர்க்கு ஊதியம், சம அளவிலான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். அன்று நாடாளுமன்றம் அவற்றைப் புறந்தள்ளியது. அவர்களில் பலர் சிறை சென்றனர். பின்வந்த எண்பது ஆண்டுகளில் கடைசிக் கோரிக்கை நீங்கலாக மற்றவை நடைமுறைக்கு வந்தன. பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை 1928இல்தான் கிடைத்தது. மரபு தானாகக் கனிந்து தந்தது இதில் எதுவும் இல்லை.

அதே மரபு கடல் கடந்தபோது என்ன ஆயிற்று? இலண்டனில் அமைச்சரவை தன் சபைக்குப் பொறுப்பாக நின்றது. 1939 செப்டம்பர் 3 அன்று இந்தியாவைப் போரில் ஈடுபடுத்திய வைசிராய் லின்லித்கோ, இந்தியச் சட்டமன்றத்தைக் கலந்துகொள்ளவில்லை. அங்கே மரபுக்குப் பின்னால் வாக்காளர் நின்றனர். இங்கே மக்களுக்கு அந்த இடம் மறுக்கப்பட்டிருந்தது.

அண்மையிலும் ஒரு சோதனை வந்தது. 2019இல் பிரதமர் போரிஸ் ஜான்சன், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நெருக்கடியின் நடுவில், நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைக்குமாறு அரசிக்கு ஆலோசனை கூறினார். மரபுப்படி அரசி மறுக்கவில்லை. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஒத்திவைப்பு செல்லாது என்றனர். மன்னர் அமைச்சரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்னும் மரபு, மக்களாட்சிக்குக் கேடயமாகவும் ஆகலாம், பிரதமருக்கு ஆயுதமாகவும் ஆகலாம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

எழுதி, பின்னர் நீக்கிய பக்கம்

இனி இந்தியாவுக்கு வருவோம். ஆளுநர் எவரை முதலமைச்சராக அழைக்க வேண்டும்? அரசியல் சாசனத்தின் 164ஆவது பிரிவு, முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார் என்றும், அமைச்சர்கள் ஆளுநர் விழையுமளவும் பதவி வகிப்பர் என்றும், அமைச்சரவை சட்டமன்றப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்றும் கூறுகிறது. 'விழையுமளவும்' என்பது மன்னராட்சியின் சொல். பெரும்பான்மை பெற்றவரையே அழைக்க வேண்டும் என்னும் வரி அங்கே இல்லை.

அது மறதியால் விடுபட்டது அன்று. சாசன வரைவில் ஆளுநர்களுக்கான அறிவுறுத்தல்கள் அடங்கிய ஓர் அட்டவணை இருந்தது. சட்டமன்றத்தில் நிலையான பெரும்பான்மையைப் பெறக்கூடியவரை அழைக்க வேண்டும் என்னும் கருத்து அதில் எழுதப்பட்டிருந்தது. 1949 அக்டோபரில், இதை மரபுக்கே விட்டுவிடலாம் என்று முடிவு செய்து அரசியல் நிர்ணய சபை அதை நீக்கியது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்பதுகூட 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலமே வெளிப்படையாக எழுதப்பட்டது. ஆளுநரைப் பற்றி அத்தகைய திருத்தம் இன்றுவரை இல்லை.

1952: முதல் தேர்தல், முதல் மீறல்

அந்த அட்டவணை நீக்கப்பட்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தபின் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு வாக்களித்தது. 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோல்வியுற்றார். கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களில் வென்றது. த. பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைந்து ஆட்சியமைக்க உரிமை கோரியது.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா அதை ஏற்கவில்லை. தேர்தலிலேயே நிற்காத இராஜாஜியைச் சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி, முதலமைச்சராகவும் அழைத்தார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகப்பணி ஆகியவற்றில் அனுபவம் உடையோருக்கென வைத்த கதவு, ஆட்சி பிடிக்கும் வாசலாக ஆயிற்று. 1952 ஏப்ரல் 10 அன்று இராஜாஜி பதவியேற்றார். பெரும்பான்மை பின்னரே திரட்டப்பட்டது. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சராக்கப்பட்டார். தோழர் பி. ராமமூர்த்தி அந்த நியமனத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்; மனு தள்ளுபடியாயிற்று. டைசி கிழித்த கோடு சென்னையிலும் நின்றது. எழுதிய சட்டத்தின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. வாக்காளரின் தீர்ப்பு மட்டும் மீறப்பட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1959 ஜூலை 31 அன்று, சட்டமன்றத்தில் பெரும்பான்மையோடு இருந்த தோழர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கேரள அரசு கலைக்கப்பட்டது. அங்கே கையாளப்பட்டது எழுதப்பட்ட 356ஆவது பிரிவு. எழுத்து மட்டுமே காவல் ஆகாது என்பதற்கு அது சான்று.

1984: முப்பத்தொரு நாட்கள்

1983 ஜனவரியில் ஆந்திரப் பிரதேச மக்கள் தெலுங்கு தேசம் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட இடங்களை அளித்தனர். 1984இல் முதலமைச்சர் என்.டி. ராமராவ் இதய அறுவைச் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்று திரும்பிய இரண்டொரு நாளில், ஆகஸ்ட் 16 அன்று, ஆளுநர் ராம்லால் அவரைப் பதவி நீக்கினார். நாதெண்டல பாஸ்கர ராவ் அன்றே முதலமைச்சராகப் பதவியேற்றார். ராமராவ் பேரவையில் பலத்தைக் காட்ட ஆயத்தமாக இருந்தும் அவருக்கு அவ்வாய்ப்புத் தரப்படவில்லை. பாஸ்கர ராவுக்கோ ஒரு மாத அவகாசம் தரப்பட்டது. ராம்லாலின் கையில் இருந்த ஆயுதம், 'விழையுமளவும்' என்னும் அதே சொல்.

இதன்பின் நிகழ்ந்ததே கற்க வேண்டியது. ராமராவ் தம்மை ஆதரித்த உறுப்பினர்களைத் தில்லிக்கு அழைத்துச் சென்று குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கின் முன் நிறுத்தினார். விலை பேசப்படாதிருக்க அவர்கள் கர்நாடகத்தில் தங்கவைக்கப்பட்டனர். இடதுசாரிகள் உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் ஒன்று சேர்ந்து ஜனநாயகப் பாதுகாப்பு இயக்கம் நடத்தின. மாநிலம் முழுவதும் கடையடைப்பு, ஊர்வலம், மறியல் என மக்கள் தெருவில் இறங்கினர். ராம்லால் விலக நேர்ந்தது. சங்கர் தயாள் சர்மா ஆளுநராக வந்தார். செப்டம்பர் 16 அன்று ராமராவ் மீண்டும் பதவியேற்றார். அவ்வாண்டின் இறுதியில் நடந்த மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசியபோதும், ஆந்திரப் பிரதேசத்தின் 42 இடங்களில் 30ஐத் தெலுங்கு தேசம் வென்றது.

இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர் ஆஸ்திரேலியாவில் இதே நாடகம் நடந்திருந்தது. அந்நாட்டின் எழுத்துச் சாசனத்தில் பிரதமர் என்னும் சொல்லே இல்லை. 1975 நவம்பர் 11 அன்று, கீழவையில் பெரும்பான்மை பெற்றிருந்த கஃப் விட்லமை ஆளுநர்-தலைவர் ஜான் கெர் பதவி நீக்கினார். அடுத்து வந்த தேர்தலில் விட்லம் தோற்றார். கெரின் செயல் நிலைத்தது. ஆந்திரத்தில் ராம்லாலின் செயல் நிலைக்கவில்லை. இரு நாட்டு விதிகளும் ஒரே ஆங்கில மரபின் கிளைகள். வேறுபட்டது மதகடியில் திரண்ட கூட்டமே.

அந்தப் போராட்டத்துக்கும் அதைப் போன்ற பிறவற்றுக்கும் பின்னரே விதி எழுத்தேறியது. 1985இல் கட்சித் தாவல் தடைக்காகப் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் அவையே, ஆளுநர் மாளிகை அன்று என்று நிலைநாட்டியது.

2014: அவையில் பேசிய வாக்குறுதி

மூன்றாவது தருணம் வயிற்றோடு தொடர்புடையது. மாநிலத்தைப் பிரிக்கும் மசோதாவை ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் 2014 ஜனவரியில் நிராகரித்தது. சாசனத்தின் மூன்றாவது பிரிவின்படி சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. பிப்ரவரியில் நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. பிப்ரவரி 20 அன்று மாநிலங்களவையில் பிரதமர் மன்மோகன் சிங், இராயலசீமையின் நான்கு மாவட்டங்களையும் வடகடலோர மூன்று மாவட்டங்களையும் உள்ளடக்கிய 13 மாவட்ட ஆந்திரப் பிரதேசத்துக்கு ஐந்தாண்டுகளுக்குச் சிறப்பு அந்தஸ்து வழங்கப்படும் என்று அறிவித்தார். அந்த நான்கில் ஒன்று சித்தூர்.

அந்த வாக்குறுதி சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. பிரதமர் அவையில் அளித்த வாக்கை அடுத்த அரசும் காக்கும் என்னும் மரபையே அது நம்பி நின்றது. சிறப்பு அந்தஸ்து என்பதற்கும் சாசனத்தில் இடமில்லை. அது 1969இல் காட்கில் சூத்திரத்தோடு தேசிய வளர்ச்சிக் குழுவின் வழியாகத் தோன்றியது. நிதியைப் பகிர்ந்த திட்டக் குழுவோ 1950 மார்ச்சில் அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றினால் பிறந்தது; அதைச் சட்டம் படைக்கவில்லை. எனவே அதை ஒழிக்கவும் சட்டம் தேவைப்படவில்லை. 2015 ஜனவரி 1 அன்று மற்றொரு தீர்மானத்தால் அவ்விடத்தில் நிதி ஆயோக் வந்தது. 2016 செப்டம்பரில் சிறப்பு அந்தஸ்துக்குப் பதிலாகச் சிறப்பு நிதியுதவி அறிவிக்கப்பட்டது. இடதுசாரிகள் முழு அடைப்பு நடத்தினர். 2018 ஜூலை 20 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதிக்கப்பட்டுத் தோற்றது. வாக்குறுதி அவைக் குறிப்பேட்டில் உறங்குகிறது.

1984இல் வென்ற மரபு 2014க்குப் பின் தோற்றது ஏன்? 1984இல் பறிக்கப்பட்டது எது, பறித்தவர் யார் என்பது மக்கள் அனைவருக்கும் தெரிந்தது. சிறப்பு அந்தஸ்துப் பிரச்சினையிலோ மாநிலத்தின் முதலாளித்துவக் கட்சிகள் தில்லியோடு உறவாடுவதும் பிணங்குவதுமாக மாறிமாறி நின்றன. ஒன்றுபட்ட இயக்கம் நிலைக்கவில்லை. மதகடியில் கூட்டம் கலைந்தது. தண்ணீர் வேறு வாய்க்காலில் பாய்ந்தது.

எழுதுவதா, விடுவதா?

இங்கே ஒரு கேள்வி எழும். எல்லாவற்றையும் எழுதிவிட்டால் சிக்கல் தீருமா? தீராது. சோழர் காலத்தில், பராந்தகன் ஆட்சியில், உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஊர்ச்சபைத் தேர்தல் விதிகள் கல்லில் வெட்டப்பட்டன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக்கூடாது என்னும் அளவுக்கு அவை நுணுக்கமானவை. ஆனால் வரி செலுத்தும் நிலம் உள்ளவரே அங்கே உறுப்பினராகலாம். கல்லில் எழுதியும் உழுதவருக்கு அதில் இடமில்லை.

மறுபுறம், மசோதாவை ஆளுநர் முடிவின்றி வைத்திருக்கும் சிக்கலைப் பாருங்கள். 200ஆவது பிரிவு 'கூடிய விரைவில்' என்றே கூறுகிறது, நாள் குறிக்கவில்லை. தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் பற்றி 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு காலவரையறை வகுத்தது. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட வினாவுக்குக் கருத்துரைக்கையில், சாசனத்தில் இல்லாத காலவரையறையை நீதிமன்றம் விதிக்க இயலாது என்றது. எழுத்துச் சாசனம் இல்லாத நாட்டில் மன்னர் 1708க்குப் பின் செய்யத் துணியாததை, எழுத்துச் சாசனம் உள்ள நாட்டில் மைய அரசு நியமித்த ஆளுநர் செய்ய இயலுகிறது. நீதிமன்றத்தின் உதவி வரும், போகும் என்பதே இதன் படிப்பினை. நாள் குறித்துச் சாசனத்தைத் திருத்தக் கோருவது நியாயமான கோரிக்கை. அதை வெல்லும் வலிமை அவைக்கு வெளியேதான் திரள வேண்டும்.

எனவே கட்சி உறுப்பினரின் கடமை இரண்டு. எழுதப்படாமல் கிடக்கும் விதிகளில் மக்களுக்குத் துணையாவன எவை என்று கண்டு, அவற்றைச் சட்டமாக எழுதக் கோரிப் போராடுவது ஒன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை மறவாமல், எழுதப்பட்டதையும் எழுதப்படாததையும் காக்கும் அமைப்பை ஊர்தோறும் கட்டுவது மற்றொன்று. வாக்குச்சாவடியோடு தம் வேலை முடிந்தது என்று கருதும் மக்களை எந்தச் சாசனமும் காக்காது. 1984இல் ஆந்திர மக்கள் தேர்தலுக்குப் பின்னும் விழித்திருந்தனர். முப்பத்தொரு நாட்களில் தங்கள் வாக்கைத் திரும்பப் பெற்றனர்.

ஏரி வற்றும் ஆண்டு மீண்டும் வரும், தோழர்களே. அன்று மதகடியில் எத்தனை பேர் நிற்பர் என்பது, நீர் நிறைந்திருக்கும் காலத்தில் செய்யும் அமைப்பு வேலையைப் பொறுத்தது.